சவுக்கை நம்பி மோசம் போன பிராஜெக்ட்: ஒரு ஊசியிலை மரம், ஒரு லில்லி

எனக்குத் தொழில் மோட்டார் காயில் கட்டுவது. திருப்பாதிரிப்புலியூரில் சின்னக் கடை. பாதிரி மரத்தின் பெயரைத் தாங்கிய ஊரில் பிறந்து வளர்ந்தும், ஐம்பது வயது நெருங்கும்வரை ஒரு மரத்தையும் நான் ஒழுங்காகப் பார்த்தவனில்லை. பார்க்க வைத்தவள் பதினொன்றாம் வகுப்புப் படிக்கும் என் மகள். 2024 தீபாவளி விடுமுறைக்கு முந்தைய நாள் ஒரு தாளோடு வந்தாள். "ஒரு கூம்புத் தாவரத்தையும் லில்லி வகைப் பூக்கும் தாவரம் ஒன்றையும் மாதிரிகளுடன் ஒப்பிடுக" என்று அதில் எழுதியிருந்தது.

"கூம்புத் தாவரம்னா ஊசி ஊசியா இலை இருக்கும், காய் மரக்கட்டை மாதிரி இருக்கும்ப்பா" என்றாள்.

இதற்கு ஏன் யோசிக்க வேண்டும்? தியாகவல்லிப் பக்கம் என் சித்தப்பாவுக்குச் சவுக்குத் தோப்பு இருக்கிறது. ஊசி இலை, கட்டைக் காய் இரண்டும் சவுக்கில் உண்டு. ஐப்பசி மழை விழுந்துவிட்டால் அந்தத் தோப்பின் வேலி முழுக்கக் கண்வலிப்பூ ஏறி நிற்கும். செங்காந்தள் என்று சொன்னால் படித்தவர்களுக்குப் புரியும். தமிழ்நாட்டின் மாநில மலர், சங்கப் புலவர்கள் பெண்ணின் விரலுக்கு உவமை சொன்ன பூ, இங்கிலீஷ்காரன் லில்லி என்று பெயர் வைத்த பூ. ஒரே தோப்பில் இரண்டும் கிடைத்துவிடும், பெட்ரோல் செலவோடு முடிந்தது வேலை என்று கணக்குப் போட்டேன்.

தீபாவளிக்கு மறுநாள் போய் இரண்டையும் பறித்து வந்தோம். பழைய செய்தித்தாளுக்கு நடுவில் வைத்து, மேலே மோட்டாரின் இரும்புக் கூடான ஸ்டேட்டர் நான்கை அடுக்கி அழுத்தி, சார்ட்டில் ஒட்டியாகிவிட்டது. இடப்பக்கம் சவுக்கு, வலப்பக்கம் காந்தள்.

திங்கட்கிழமை சாயங்காலம் அந்தச் சார்ட் சுருட்டியபடியே திரும்பி வந்தது.

"மிஸ் வாங்கிக்கலப்பா. சவுக்கு கூம்புத் தாவரமே இல்லையாம். அதுவும் பூக்கிற மரம்தானாம்."

எனக்குக் கோபம் வந்தது. சவுக்கைப் பற்றி எனக்குச் சொல்லித்தர ஆளா என்று. கடையை மூடுவதற்கு முன், காயில் முனையில் சால்டர் பிடித்திருக்கிறதா என்று பார்க்க வைத்திருக்கும் பூதக்கண்ணாடியை எடுத்து, ஒட்டியிருந்த சவுக்கு ஊசி ஒன்றைப் பிய்த்துக் குழல்விளக்குக்குக் கீழே பிடித்தேன்.

அது ஊசியே இல்லை. குச்சி. மெல்லிய பச்சைக் குச்சி, அரை அங்குலத்துக்கும் குறைவான இடைவெளியில் கணுக் கணுவாக இருந்தது. இரண்டு முனையையும் பிடித்து இழுத்தால் கணுவில் டப்பென்று கழன்று வந்தது, டெலஸ்கோப் ஏரியல் உருவி வருவது போல. கழன்ற முனையைச் சுற்றிக் கிரீடம் மாதிரிக் குட்டிக் குட்டிப் பற்கள். மகள் எண்ணினாள். ஏழு. அடுத்த கணுவிலும் ஏழு. மூன்றாவதில் எட்டு. அந்தப் பற்கள்தான் இலைகளாம்! நாம் இலை என்று நினைத்திருக்கும் பச்சை முழுவதும் கிளை. சிறு வயதில் இந்தக் குச்சியைக் கழற்றி மறுபடி செருகி, "எந்தக் கணுவில் ஒட்டியிருக்கிறேன் சொல்லு" என்று விளையாடியிருக்கிறோம். விளையாடிய கைக்கு அது இலை இல்லை என்று தோன்றவே இல்லை.

அடுத்து காய். சவுக்குக் காயில் சின்னச் சின்ன வாய்கள் குருவி அலகு போலப் பிளந்து நிற்கும். ஒரு பச்சைக் காயை இன்சுலேஷன் தாள் வெட்டும் பிளேடால் குறுக்கே அறுத்தோம். ஒவ்வொரு அலகுக்குள்ளும் இறக்கை வைத்த தட்டையான ஒரு சாமான் இருந்தது. அதை விதை என்றுதான் ஊரில் சொல்கிறோம். உண்மையில் அது முழுக் கனி, அதன் தோலுக்குள்ளே தனியாக ஒரு விதை மூடி வைக்கப்பட்டிருக்கிறது. ஆக, நாம் கையில் எடுக்கும் கட்டைக் காய் ஒரு காய் இல்லை. பூங்கொத்து ஒன்று மொத்தமாக முற்றிக் கட்டையானது.

விதை மூடியிருக்கிறதா, திறந்திருக்கிறதா என்பதுதான் இங்கே விஷயம். கூம்புத் தாவரத்தில் சூல், அதாவது பின்னால் விதையாகும் மணி, வெறும் செதிலின் மேல் உட்கார்ந்திருக்கும், சுற்றிலும் சூலகச் சுவர் கிடையாது. மகரந்தம் காற்றில் வந்து நேராகச் சூலின் வாயிலேயே இறங்கிவிடும். பூக்கும் தாவரத்தில் சூல் ஓர் அறைக்குள் பூட்டப்பட்டிருக்கும். மகரந்தம் வெளியே சூலகத்தின் நுனியான சூல்முடியில் இறங்கி, அங்கிருந்து குழாய் விட்டுத்தான் உள்ளே போகவேண்டும். இந்தக் கணக்கில் பார்த்தால் சவுக்கு, பைன் மரத்துக்குத் தம்பி மாதிரித் தெரிந்தாலும் காந்தளுக்குப் பங்காளி. வேலியில் ஏறிக்கிடந்த கொடிக்கும் தோப்பில் நின்ற மரத்துக்கும் இருக்கும் உறவு, அந்த மரத்துக்கும் ஊட்டிப் பைனுக்கும் இல்லை. நாங்கள் ஒட்டியிருந்த சார்ட்டின் இரண்டு பக்கமும் ஒரே பக்கம்தான்!

சரி, உண்மையான ஊசியிலை மரத்துக்குக் கடலூரில் எங்கே போவது? தென்னிந்தியாவில் தானாக வளரும் கூம்பு மரம் ஒன்றே ஒன்றுதான். நாகெயா என்ற அந்த மரமும் மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளுக்குள் இருக்கிறது, அதற்கு ஊசியிலையும் கிடையாது, அகலமான இலை. மற்ற பைன், சைப்ரஸ் எல்லாம் மலைகளில் நட்டு வளர்த்தவை.

புதுச்சேரிக்கு ஒரு மோட்டார் டெலிவரி இருந்தது. மகளையும் அழைத்துக்கொண்டு போனேன். 1826-ல் தொடங்கிய தாவரவியல் பூங்காவை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் இருக்கும் செயின்ட் லூயிஸ் வீதி வழியாகக் கடற்கரைக்கு நடந்தோம். அந்த நிறுவனம் 1955-ல் தொடங்கியது. உள்ளே உலர்த்திய தாவரங்களின் பெரிய சேகரிப்பும், மகரந்தத் துகள்களைக் கண்ணாடித் தகட்டில் ஒட்டிச் சேர்த்த பெரிய தொகுப்பும் இருக்கின்றன. அந்த மகரந்த ஆய்வை வளர்த்த தணிகைமணி, 1986 செப்டம்பரில் கராச்சியில் பான் ஆம் விமானம் கடத்தப்பட்டபோது உயிரிழந்தார். மகரந்தத்துக்கு என்று தனியாக ஒரு படிப்பா என்று மகள் கேட்டாள். பைன் மகரந்தத்துக்கு இரண்டு பக்கமும் காற்றுப் பை உண்டு, காந்தள் மகரந்தத்துக்குக் கிடையாது. துகளைப் பார்த்தே மரத்தைச் சொல்லிவிடலாம் என்றால் படிக்கத்தானே வேண்டும்.

வழியில் ஒரு விடுதி வாசலில் சைகஸ் வைத்திருந்தார்கள். பார்த்தால் குட்டிப் பனை. ஆனால் அது பனைக்கு எந்த உறவும் இல்லாத, விதை மூடாத கூட்டத்தைச் சேர்ந்த செடி. சவுக்கு ஒரு பக்கம் ஏமாற்றுகிறது, சைகஸ் மறுபக்கம்.

திரும்பும்போது ஒரு நர்சரியில் கிறிஸ்துமஸ் மரம் கேட்டோம். நட்சத்திரம் போல அடுக்கடுக்காகக் கிளை விடும் செடி, இரண்டடி உயரம், தொட்டியோடு 450 ரூபாய். நார்ஃபோக் பைன் என்று சொல்லித்தான் தந்தார். இந்தப் பெயரில் நம் பக்கம் விற்பவற்றில் பல, நியூ கலிடோனியாத் தீவைச் சேர்ந்த குக் பைன். அந்தத் தீவும் பிரெஞ்சுக்காரர் பிடித்த இடம்தான், 1853-ல். பெயரில் பைன் இருந்தாலும் இது அரக்காரியா குடும்பம். ஆனாலும் கூம்புத் தாவரமா என்றால் ஆம், சந்தேகமில்லாமல். இந்தக் குக் பைன் உலகத்தில் எங்கே நட்டாலும் நிலநடுக்கோட்டைப் பார்த்துச் சாய்ந்து வளர்கிறது என்று 2017-ல் ஆராய்ச்சி ஒன்று வந்திருக்கிறது, சராசரிச் சாய்வு எட்டரை டிகிரியாம். எங்கள் செடியும் சாய்ந்துதான் இருந்தது. ஆனால் அது நர்சரிக்காரர் சுவரோரமாக வைத்திருந்ததால் வெளிச்சத்துக்குச் சாய்ந்த சாய்வு.

இதில் ஒரு சிக்கல். இந்த மரம் காய் விடப் பல வருஷம் ஆகும். இரண்டடிச் செடியில் கூம்பு எங்கே கிடைக்கும்? அப்போது என் மனைவிதான் சொன்னாள்: "எதிர்வீட்டு அக்கா கொடைக்கானல்லேர்ந்து கொண்டாந்த காயை ஷோகேஸ்ல வெச்சிருக்காங்களே, அது என்னவாம்?" போய்க் கேட்டோம். பைன் காய்தான், நான்கு காய்கள். கூடவே குழந்தைகள் பொறுக்கிய நீளமான ஊசிகளும் ஒரு கவரில் இருந்தன. இரண்டு காய், ஒரு பிடி ஊசி இரவல் வாங்கினேன்.

இது நிஜமான ஊசி. இழுத்தால் கணுவில் கழலவில்லை, கணுவே இல்லை. மூன்று மூன்றாக அடியில் ஓர் உறைக்குள் சேர்ந்திருந்தன. மூன்றையும் சேர்த்துப் பிடித்துக் குறுக்கே வெட்டிப் பார்த்தபோது ஒன்று கண்ணில் பட்டது. ஒவ்வொரு ஊசியும் வட்டத்தில் மூன்றில் ஒரு பங்கு. மூன்றும் சேர்ந்தால் முழு வட்டம், மூன்று கோர் கேபிள் வெட்டிய முகம் மாதிரி.

காயின் செதில் ஒன்றை இடுக்கியால் பிடுங்கினோம். அதன் மேல்புறத்தில் இரண்டு இறக்கைத் தடங்கள் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. செதிலுக்கு இரண்டு விதை. பறந்து போனது போக, அடியில் எங்கோ மாட்டிக்கொண்டிருந்த ஒரே ஒரு விதை இறக்கையோடு கிடைத்தது. அறை இல்லை, தோல் இல்லை, வெறும் பலகைமேல் வைத்த பொருள் மாதிரி. மகள் அதைத்தான் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிறகு காயைத் தண்ணீரில் போட்டோம். விரிந்திருந்த செதில்கள் மெல்ல மேலே நிமிர்ந்து, ஒன்றரை மணி நேரத்தில் காய் இறுக மூடிக்கொண்டது. வார்னிஷ் அடித்த ஸ்டேட்டரைக் காயவைக்க என் கடையில் ஒரு தகரப் பெட்டி உண்டு, உள்ளே இரண்டு 200 வாட் குண்டு பல்பு. மூடிய காயை ராத்திரி அதில் வைத்துவிட்டுப் போனேன். காலையில் பழையபடி விரிந்திருந்தது. மரத்திலிருந்து விழுந்து எத்தனையோ மாதமான செத்த காய் இது. உயிர் இல்லாமலே எப்படித் திறந்து மூடுகிறது என்றால், செதிலின் வெளிப்பக்க அடுக்கு ஈரத்தில் அதிகம் நீளும், உள்பக்க அடுக்கு குறைவாக நீளும், அதனால் செதில் உள்ளே வளையும். ஓவர்லோடு ரிலேக்குள் இரண்டு உலோகத்தை ஒட்டிய தகடு இருக்கிறதே, சூட்டில் ஒரு பக்கமாக வளைந்து லைனைத் துண்டிக்குமே, அதே வேலை. இருபத்தைந்து வருஷமாக அந்தத் தகட்டை மாற்றிக்கொண்டிருக்கிறேன். மழை நாளில் விதையை வெளியே விடாமல், காய்ந்த காற்றில் மட்டும் பறக்கவிட மரம் அதே வித்தையை வைத்திருக்கிறது.

இனி லில்லிப் பக்கம். நவம்பர் நடுவில் மறுபடி தோப்புக்குப் போனோம், இந்த முறை கையுறையோடு. காந்தள் செடி முழுவதிலும் கோல்சிசின் என்ற நஞ்சு இருக்கிறது, கிழங்கிலும் விதையிலும் அதிகம். கிழங்கைத் தின்றால் உயிர் போகும். இதைப் படிக்கும் யாரும் பிள்ளைகள் கையில் வெறுமனே கொடுத்துவிட வேண்டாம், வெட்டிய பிளேடைக் கழுவாமல் சமையலறைக்குக் கொண்டுபோகவும் வேண்டாம். அதே நஞ்சுதான் அளவோடு கொடுத்தால் கீல்வாதத்தில் ஒரு வகைக்கு மருந்து. அதற்காகவே மூலனூர், ஒட்டன்சத்திரம், வேதாரண்யம் பக்கங்களில் இதைப் பந்தல் போட்டுப் பயிரிடுகிறார்கள்.

கிழங்கு எடுப்பதில்தான் முதல் அடி. கலப்பைக் கிழங்கு என்று சும்மாவா பெயர் வைத்தார்கள்! கலப்பை மாதிரி இரண்டு கையாக வளைந்து மண்ணுக்குள் கிடக்கிறது. கடப்பாரையால் நெம்பினேன், ஒரு கையின் நுனி ஒடிந்தது. "அவ்ளோதான், அது இனிமே முளைக்காது" என்றார் சித்தப்பா. முளைக்கும் கண் அந்த நுனியில் மட்டும்தான் இருக்கிறது. உருளைக்கிழங்கு மாதிரி உடம்பெல்லாம் கண் கிடையாது. ஒடிந்ததை ஒட்டுவதற்கான மாதிரியாக வைத்துக்கொண்டு, இன்னொரு இளம் செடியைச் சுற்றி மண்ணோடு அகலமாகத் தோண்டி, பழைய பெயிண்ட் வாளியில் வைத்து வீட்டு மாடிக்குக் கொண்டு வந்தேன்.

மாடியில் அது ஏறுவதற்குப் பழைய வைண்டிங் கம்பி நான்கு கட்டிவிட்டேன். எனாமல் பூசிய கம்பி வழவழப்பு. இலை நுனி இரண்டு நாள் முயன்றுவிட்டு வழுக்கிக் கீழே தொங்கியது. பக்கத்தில் தேங்காய் நார்க்கயிறு கட்டியதும் பிடித்துக்கொண்டது. இலை நுனி என்றுதான் எழுதியிருக்கிறேன், கவனியுங்கள். பாகலுக்கும் புடலைக்கும் இருப்பது போலத் தனியாகப் பற்றுக்கம்பி இதற்கு இல்லை. இலையே நீண்டு, கடைசியில் சுருண்டு கொக்கியாகிறது. அந்த இலையில் நரம்புகள் எல்லாம் பக்கம் பக்கமாக நீளவாக்கில் ஓடுகின்றன, புல்லைப் போல, வாழையைப் போல. ஒருவிதையிலைத் தாவரத்தின் அடையாளம் அது. தண்டைக் குறுக்கே வெட்டினால் வளையம் கிடையாது, புள்ளி புள்ளியாகக் குழாய்க் கட்டுகள் சிதறிக் கிடக்கின்றன. வருஷா வருஷம் பருக்கும் வேலையே இதற்குத் தெரியாது. கோடையில் மேலே உள்ளது காய்ந்துபோகும், கிழங்கு மட்டும் மண்ணுக்குள் உறங்கும். பைன் மரம் மாதிரி கட்டை சேர்ப்பது இதன் வழக்கமில்லை.

பூ இன்னொரு ஆச்சரியம். மொட்டு விரியும் அன்று இதழ் பச்சை கலந்த மஞ்சள். அப்புறம் நாளுக்கு நாள் அடியில் மஞ்சளும் நுனியில் சிவப்புமாகி, கடைசியில் முழுச் சிவப்பு. பூ தலைகீழாகத் தொங்குகிறது, ஆறு இதழ்களும் அலையலையாக மேல்நோக்கி வளைந்து நிற்கின்றன. ஆறு மகரந்தத் தாள்கள் சக்கரத்தின் ஆரம் போல வெளியே நீட்டியிருக்க, நடுவில் இருக்கும் சூல்தண்டு மட்டும் அடியிலேயே ஏறக்குறைய செங்கோணத்தில் திரும்பி ஒரு பக்கமாக ஓடுகிறது. கடையில் இருந்த மட்டத்தை வைத்துப் பார்த்தேன், 90 டிகிரிக்கு இரண்டோ மூன்றோ குறைவு. சொந்த மகரந்தம் தன்மேலேயே விழாமல் தள்ளி நிற்க இந்த ஏற்பாடு. அதனால்தான் பயிரிடுபவர்கள் விடியற்காலையில் ஆள் வைத்துப் பூவுக்குப் பூ கையால் மகரந்தம் தொட்டு வைக்கிறார்கள். நாங்களும் செய்து பார்த்தோம். வார்னிஷ் படாத புதுத் தூரிகையால் ஒரு கொடியின் மகரந்தத்தை இன்னொரு கொடியின் பூவில் தொட்டு வைத்து, தோப்பு வேலியில் மூன்று பூக்களுக்குக் காயில் கட்டும் வெள்ளைக் காட்டன் டேப்பால் அடையாளம் கட்டினோம்.

நான்காவது பூவின் சூலகத்தைக் குறுக்கே அறுத்தோம். மூன்று அறை. ஒவ்வொன்றிலும் இரண்டு வரிசையாகக் குட்டி வெள்ளை மணிகள். பைன் செதிலையும் இதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தபோது, கேட்ட கேள்விக்கு முழுப் பதிலும் அந்த இரண்டு துண்டிலேயே இருந்தது. மற்றதெல்லாம் சார்ட்டை நிரப்பத்தான்.

குடும்பப் பெயரில் ஒரு சின்னத் தகராறு வந்தது. பழைய பாடநூல்களில் வெங்காயம்கூட லில்லிக் குடும்பம்தான். இப்போதைய வகைப்பாட்டில் வெங்காயம் வேறு குடும்பத்துக்குப் போய்விட்டது, காந்தளும் கோல்சிகேசி என்ற குடும்பத்துக்கு மாறிவிட்டது. ஆனால் அது லில்லி வரிசைக்குள்தான் இருக்கிறது. மிஸ்ஸிடம் கேட்டதற்கு "வரிசை ஒண்ணுதானே, வெச்சுக்கோ" என்றாராம். அல்லியையோ மழை லில்லியையோ கொண்டு போயிருந்தால் மறுபடி சார்ட் திரும்பி வந்திருக்கும். பூக்கும் தாவரத்தில் இரட்டைக் கருவுறுதல் நடப்பதை 1898-ல் நவாஷின் என்ற ரஷ்ய ஆய்வாளர் முதன்முதலில் கண்டது லில்லியிலும் அதன் உறவிலும்தான். மகரந்தக் குழாயில் வரும் இரண்டு ஆணணுக்களில் ஒன்று முட்டையோடு சேர்கிறது, மற்றது விதைக்கான உணவைத் தொடங்கிவைக்கிறது. பைனில் இப்படிக் கிடையாது. அங்கே மகரந்தம் வந்து இறங்கிக் கருவுறவே ஏறக்குறைய ஒரு வருஷம் ஆகிறது. அவசரமே இல்லாத மரம்.

கட்டைச் சோதனை என் யோசனை. கூம்பு மரத்தின் கட்டையில் தண்ணீர் ஏறுவது டிரக்கீடு என்ற செல்கள் வழியாக. இரண்டு முதல் நான்கு மில்லிமீட்டர் நீளம், இரண்டு பக்கமும் முனை மூடியவை, பக்கச் சுவரில் உள்ள குழிகள் வழியாகத்தான் ஒன்றிலிருந்து அடுத்ததற்குத் தண்ணீர் போகும். பூக்கும் மரங்களில் பெரும்பாலானவற்றில் முனை திறந்த குழாய்கள் வரிசையாக இணைந்து பைப் லைனாகவே ஓடும். அப்படியென்றால் காற்று ஊதினால் தெரிந்துவிடுமே?

பழைய பேக்கிங் பெட்டியின் பைன் பலகையிலிருந்து விரல் தடிமனில் ஒரு துண்டு, காய்ந்த சவுக்குக் கொம்பில் ஒரு துண்டு, இரண்டும் 4 செ.மீ. நீளம், வெட்டுமுகத்தை உளியால் சுத்தமாகச் சீவி வைத்தேன். சைக்கிள் பம்பின் டியூபில் செருகி, மறுமுனையைச் சோப்புத் தண்ணீரில் முக்கி அடித்தேன். இரண்டிலும் நுரை! ஒரு நிமிடம் குழம்பிப்போனேன். டியூப் இணைப்பில் காற்று கசிந்து பக்கவாட்டில் வந்திருக்கிறது. ஹோஸ் கிளிப் போட்டு இறுக்கி, பட்டை உரித்து, பக்கமெல்லாம் வார்னிஷ் பூசிக் காயவைத்து மறுபடி அடித்தேன். சவுக்கின் முகத்தில் மாவு போலப் பொடி நுரை கிளம்பி வந்தது. பைன் துண்டு அசையவில்லை. அழுத்தம் கூட்டினால் பம்ப் கைப்பிடிதான் என்னைத் திருப்பித் தள்ளியது. கண்ணுக்கு ஒன்றாகத் தெரியும் இரண்டு மரத்தைப் பம்ப் பிரித்துக் காட்டிவிட்டது. மூன்று முறை செய்தோம், மூன்று முறையும் அப்படித்தான். முடிச்சு உள்ள இடத்தை மட்டும் தவிர்க்க வேண்டும், அங்கே இழை கண்டபடி போகும்.

நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்குப் பக்கத்தில் கரை ஏறியது. புதுச்சேரியில் ஒரே நாளில் பெய்த மழை ஐம்பது சென்டிமீட்டரை நெருங்கியது. இரண்டு நாள் கழித்துச் சாத்தனூர் அணைத் தண்ணீர் தென்பெண்ணையில் வந்து, கடலூரில் ஆற்றோரம் முழுக்க வெள்ளம். கடையில் இருந்த மோட்டார்களை மேலே தூக்கிவைத்த அவசரத்தில் மாடியைப் பற்றி யாருக்கும் நினைப்பில்லை. நான்காம் நாள் ஏறிப் பார்த்தால் கிறிஸ்துமஸ் மரத் தொட்டி உருண்டு சுவரோரம் கிடந்தது, கீழடுக்கில் ஒரு கிளை ஒடிந்திருந்தது. அந்த இடத்தில் மறுகிளை வராது என்பது பிறகு தெரிந்தது, இன்றுவரை அங்கே வழுக்கைதான். காந்தள் வாளி நிறையத் தண்ணீர். வாளியின் அடியில் நான் போட்டது ஒரே ஓட்டை, அதையும் ஒரு கூழாங்கல் அடைத்துக்கொண்டது. கிழங்கு அழுகிக் கொழகொழவென்று நாறியது. மூன்று நான்கு ஓட்டை போட்டு, அடியில் செங்கல் ஜல்லியும் மணலும் பரப்பியிருந்தால் பிழைத்திருக்கும். மழைக்காலத்தில் பூக்கும் செடிதான், ஆனால் தேங்கின தண்ணீர் அதற்கு ஆகாது. தோப்பு மணலில் அது ஏன் சுகமாக இருக்கிறது என்று அப்போதுதான் உறைத்தது.

மார்கழி கடைசியில் ஒரு ஞாயிறு திருவக்கரை போனோம். வக்ரகாளியம்மனுக்கு என் மனைவிக்கு ஒரு வேண்டுதல் பாக்கி. புதுச்சேரியிலிருந்து முப்பது கிலோமீட்டர் வாக்கில் இருக்கும். கோயிலுக்குப் பக்கத்திலேயே கல்மரப் பூங்கா. மரங்கள் கல்லாகிக் கிடக்கின்றன, சுமார் 2 கோடி ஆண்டுப் பழையவை. 1781-லேயே சொன்னரா என்ற பிரெஞ்சு இயற்கை ஆய்வாளர் இதைப் பற்றி எழுதியிருக்கிறார். வேரும் கிளையும் பட்டையும் இல்லாமல் வெறும் தண்டுகளாகவே கிடப்பதால், எங்கோ வளர்ந்தவற்றை வெள்ளம் அடித்துக்கொண்டு வந்து போட்டிருக்க வேண்டும் என்கிறார்கள். புயல் வெள்ளத்தைப் பார்த்திருந்த எங்களுக்கு அதை நம்புவதில் சிரமம் இருக்கவில்லை. அவை புதைந்த பாறைக்குப் பெயர் கடலூர் மணற்கல். எங்கள் ஊர்ப் பெயர்!

அங்கே கிடக்கும் கல்மரங்களில் புளி போன்ற பூக்கும் மரங்களின் வகையும் உண்டு, கூம்பு மரமும் உண்டு. மெசெம்பிரியாக்சிலான் ஷ்மிடியானம் என்று அந்தக் கூம்பு மரத்துக்குப் பெயர் வைத்திருக்கிறார்கள், மலையில் மிச்சமிருக்கும் நாகெயாவின் கூட்டத்துக்கு நெருங்கிய கட்டை. இலை இல்லை, காய் இல்லை, பூ இல்லை. பிறகு எப்படிக் கண்டுபிடித்தார்கள்? கல்லை மெல்லிய தகடாக அறுத்து நுண்ணோக்கியில் குழாய் இருக்கிறதா, வெறும் டிரக்கீடா என்று பார்த்துத்தான். நான் சைக்கிள் பம்பில் பார்த்ததை அவர்கள் கல்லில் பார்த்திருக்கிறார்கள். மகள் அதைச் சொல்லிச் சொல்லி வழி முழுக்கச் சிரித்தாள். ஒரு துண்டு எடுத்துக்கலாமா என்று மட்டும் கேட்காதீர்கள், அங்கிருந்து கல் எடுத்து வரக்கூடாது.

சார்ட்டை மறுபடி எழுதினோம். இடப்பக்கம் கொடைக்கானல் பைன், வலப்பக்கம் காந்தள். மகள் பிடிவாதமாக நடுவில் ஒரு பத்தி விட்டு, பழைய சார்ட்டிலிருந்து சவுக்கைப் பெயர்த்து அங்கே ஒட்டினாள். இலை என்ற வரியில் சவுக்கின் கோடு பைன் பக்கம் சாய்ந்து அடித்துவிடப்பட்டிருந்தது. சூல், மகரந்தம் என்ற இரண்டு வரியிலும் கோடு காந்தள் பக்கம்.

பொங்கலுக்கு மறுநாள் தோப்புக்குப் போனோம். கடலோரமாக இருந்த வரிசையில் பல மரம் சாய்ந்திருந்தது. வேலியில் பாதி இல்லை. டேப் கட்டிய மூன்றில் ஒன்றே ஒன்று மிஞ்சியிருந்தது, காய்ந்து வெடித்து மூன்றாகப் பிளந்து, உள்ளே செக்கச்செவேலென்று விதைகள். கையுறை போட்டு எண்ணினோம், 47. அதை ஒரு டப்பாவில் போட்டு மேலே "விஷம்" என்று எழுதி வைத்தாள்.

சித்தப்பா சாய்ந்த மரங்களை எண்ணிக்கொண்டிருந்தார். "சவுக்கு பூக்கிற மரம்னு எங்களுக்குத் தெரியாமப் போச்சு சித்தப்பா, அதான் இத்தனை அலைச்சல்" என்றேன்.

"அடப்போடா. கிளை நுனியில மஞ்சளா ஆண் பூ தொங்கும், கொம்போட ஒட்டி சேப்பு முடியா பெண் பூ நிக்கும். தூசி பறந்து கண்ணெல்லாம் எரியும். என்கிட்ட கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்ல? வருஷா வருஷம் விதை வாங்கி நாத்து விடுறவன்டா நான். விதைன்னு ஒண்ணு இருந்தா பூ இருந்துதானே ஆகணும்?"

"இல்ல தாத்தா" என்றாள் மகள். பையிலிருந்து எதிர்வீட்டு அக்காவின் பைன் காயை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தாள்.

அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கவிழ்த்து வேலிக்காலில் இரண்டு தட்டுத் தட்டினார்.

"இதுல விதை எங்கம்மா?"

"பறந்துடுச்சு தாத்தா. இருந்த ஒண்ணு சார்ட்ல இருக்கு."